ரொட்டி வண்டியும் பொடி டப்பியும்

சேசு மரி சூசை

மயிலாப்பூர்,
27 பிப்ரவரி 1934

சங்கைக்குரிய பவுல்சாமி சுவாமியார் அவர்களுக்கு அண்ணன் இக்னேஷியஸ் எழுதிக்கொண்டது. வயதில் மூத்தவன் என்பதால் ஆசீர்வாதம் அனுப்புகிறேன்; நீங்கள் சுவாமியார் என்பதால் ஆசீர்வாதம் கேட்கிறேன். நீங்கள் இருக்கும் ரங்கூனுக்கு வரும் கப்பலில் இரண்டுக்கும் இடம் இருக்கும்.

இந்த வருஷம் விபூதித் திருநாளன்று, பல நாள் ஆலோசனைக்குப் பிறகு, ஆண்டவர் உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாள்வரை, நாற்பது நாள் தபசு காலம் முழுவதும், மூக்குப்பொடி போடுவதில்லை என்று தீர்மானித்தேன். முப்பத்தொரு வருஷப் பழக்கம். முதலில் லூர்துமேரியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே “சரி” என்றாள். விஷயத்தின் கனம் அவளுக்குப் புரியவில்லை என்று கண்டு, மாதா சபைக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். சபைக்குக் காரியதரிசி நானே ஆகையால் குறிப்புப் புத்தகத்தில் எழுதியவனும் நானே: “இக்னேஷியஸ் வாத்தியார் அவர்கள் மூக்குப்பொடியைத் துறந்தார்.” எழுதியபின் “அவர்கள்” என்ற சொல்லை அடித்தேன். அடித்தது அசிங்கமாகத் தெரிந்ததால் மறுபடி எழுதினேன். பங்குச் சுவாமியார் கை தட்டினார். அடுத்த ஞாயிறு வேதபாட வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர் கமர்கட்டைத் துறந்தார்கள்.

இது நிற்க. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரொட்டிக் கம்பெனி மோட்டார் வண்டி என்மேல் மோதியது. பயப்பட வேண்டாம். இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, முழங்காலில் சிராய்ப்பு, நல்ல வேட்டி ஒன்று போயிற்று. கோயில் மதிலுக்குப் பின்னால் ஒரு சந்து வந்து கடற்கரை ரஸ்தாவில் சேருகிறதல்லவா, அந்த இடத்தில்.

வண்டி ஓட்டியவனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். நமக்கு வெள்ளிக்கிழமைதோறும் மீன் கொண்டுவரும் ஊரூர்க் குப்பத்துக் கெங்கம்மாவின் மகன் மண்ணாங்கட்டி. முன்னால் பிறந்த மூன்றும் தங்காததால் அவனுக்கு அந்தப் பெயர். தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாததால் அவனுக்கு மோட்டார். “எம் புள்ள உப்புத் தண்ணில கால் வெக்க வேணாம்னுதான் மோட்டார் கத்துக்க வுட்டேன்” என்று கூடையை இறக்கும் போதெல்லாம் கெங்கம்மா சொல்லுவாள். வண்டியை நிறுத்தி ஓடிவந்து என்னைத் தூக்கி உட்காரவைத்தவன் அவன்தான்.

மோதப்பட்டவன் என்ன செய்ய வேண்டும் என்பதில் மயிலாப்பூரில் ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. அசையாமல் கிடக்க வேண்டும் என்றார் ஒருவர். கிடந்தால் ரத்தம் கட்டிக்கொள்ளும், நடக்க வேண்டும் என்றார் மற்றொருவர். எதிர்வீட்டு வக்கீல் பாண்டுரங்கன் வேட்டியை மாற்றாதீர்கள், அது சாட்சி என்றார். பிறகு காதோடு, “யார் கேட்டாலும் ரோட்டோரமா நின்னுண்டிருந்தேன்னு சொல்லுங்கோ. நடுவிலே நின்னேள்னு ஆனா பாதித் தப்பு உங்க தலையிலேதான் வந்து விடியும்” என்றார். அவர் வருவதற்கு முன்பே நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லிப் பங்குச் சுவாமியார் வந்து, என்ன நடந்தது என்று கேட்டார். மண்ணாங்கட்டி, “நடு ரோட்ல கண்ண மூடிக்கினு நின்னுக்கினு இருந்தாரு சாமி. பொடி போட்டுக்கினு இருந்தாரு” என்றான். கூட்டம் சிரித்தது. சபைக் குறிப்பை அறியாதவர் அங்கே யாருமில்லை. சுவாமியார் என்னைப் பார்த்தார். ரோட்டோரமாக நின்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன் என்றேன். அதற்குள் லூர்துமேரி வந்து என் மீசையில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். துடைத்த கையோடு இரண்டு முறை தும்மினாள். அன்றிலிருந்து இன்றுவரை அவள் இந்த மோதலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சுவாமியார் ஜெபமாலையின் வல்லமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். உதாரணம் நான். பூசை முடிந்ததும் ஐந்தாறு பெண்கள் என் ஜெபமாலையைத் தொட்டு உதட்டில் வைத்து முத்தி செய்ய வந்தார்கள். வீட்டில் இருக்கிறது என்றேன். அது உண்மை. வெள்ளிக்கிழமையும் வீட்டில்தான் இருந்தது.

கடைசியாக ஒன்று. என் வகுப்பு மாணவன் ஒருவன் சந்தேகம் கேட்டான். ஒருவன் சிறு விஷயத்தில் வாய்தவறி ஒன்று சொல்லி, அதைப் பெரியவர்கள் மெய்யென்று நம்பி, அதனால் பக்தியும் பெருகினால், அதைத் திருத்துவது அவசியமா? அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். சௌகரியப்பட்டபோது எழுதுங்கள்.

அன்புள்ள அண்ணன்,
இக்னேஷியஸ்

*

சேசு மரி சூசை

மயிலாப்பூர்,
13 மார்ச் 1934

சங்கைக்குரிய சுவாமி,

கடிதம் கிடைத்தது. “அந்த மாணவனுக்கு மீசை நரைத்துவிட்டதா?” என்று ஒரே வரி எழுதியிருந்தீர்கள். நரைத்துவிட்டது.

ஆகையால் இதைப் பாவசங்கீர்த்தனமாகவே, என் பாவத்தை ஒப்புக்கொண்டு எழுதுகிறேன். முழந்தாளிட்டு எழுதப் பார்த்தேன். சிராய்ப்பு இன்னும் ஆறவில்லை. நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதையும் சேர்த்து மன்னிக்கவும்.

நோன்பு ஒன்பது நாள் நின்றது. பத்தாம் நாள் வகுப்பில் ஒரு பையன் பெருக்கல் கணக்கில் கழித்தான். பள்ளிக்கூடம் விட்டதும் பொடி வாங்கினேன், வழக்கமான கடையில் அல்ல, என்னைத் தெரியாத கடையில். சந்தில் ஆள் நடமாட்டம் இருந்தது. மதிலோரம் சபைப் பொக்கிஷதார் நின்றுகொண்டிருந்தார். ரஸ்தாவின் நடுவில்தான் யாரும் இல்லை. அங்கே போய் நின்று, கண்ணை மூடி, ஒரு சிமிட்டா இழுத்தேன். இன்பமாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டுமென்று நினைக்கிறேன். அடுத்த நிமிஷம் ரொட்டி வண்டி வந்தது. மண்ணாங்கட்டி சொன்னதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை.

மார்ச் முதல் தேதி ராயப்பேட்டையிலிருந்து கம்பெனி குமாஸ்தா வந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டு போனார். ஜெபமாலை, ரோட்டோரம் இரண்டும் அதில் இருக்கின்றன. கையெழுத்து நன்றாக அமைந்தது. வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை. பாஸ்குவுக்கு முந்தின பெரிய சனிக்கிழமை காலையில் கம்பெனியில் விசாரணையாம். பங்குச் சுவாமியாரும், நல்ல மனிதர்மேல் அபாண்டம் சொல்லும் ஆளை வைத்திருப்பது அழகல்ல என்று கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவர் நடத்தும் பள்ளி விடுதிக்கு அந்தக் கம்பெனியின் ரொட்டிதான்.

இதற்குமேல் எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. இருபத்தைந்து வருஷ வேலை நிறைந்தபோது பழைய மாணவர்கள் எனக்கு ஒரு வெள்ளிப் பொடி டப்பி கொடுத்தார்கள், ஞாபகமிருக்கும். மூடியில் என் பெயர் வெட்டியிருக்கும். மோதினபோது அது கையிலிருந்து பறந்தது. எங்கே போயிற்றென்று தெரியாமல் இரண்டு வாரம் நான் தூங்கவில்லை. போன வெள்ளிக்கிழமை கெங்கம்மா வந்து, கூடையில் மீனுக்கு அடியிலிருந்து ஒரு இலைப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள்.

“இந்தா வாத்யாரே, உன் டப்பி. வண்டில ரொட்டிக் கூடைக்குள்ள கெடந்துச்சாம். இதக் கம்பெனில காட்டுடா, நீ சொன்னது நெசம்னு தெரியும்னேன். அவன் கேக்கல. வேணாம்மா, பெரிய மனுசன் பேர் போட்டுக்கீது, அவருக்குக் கேவலமாப் பூடும், நீ கொண்டுபோய் அவர் கைல குட்துடு, அவரே நல்லதா ஒரு வார்த்த சொல்லுவாருன்னுட்டான்.”

டப்பியை வாங்கிக்கொண்டேன். வீங்கின என் கையை நன்றாகக் கவனித்துக்கொள்வதாகச் சொன்னேன். என் கையைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. லூர்துமேரி அன்று மீனுக்குப் பேரம் பேசவில்லை. கெங்கம்மா ஆச்சரியப்பட்டு, “இன்னாம்மா, ஒடம்பு சொகமில்லியா?” என்றாள்.

பங்குச் சுவாமியாரிடம் இதைச் சொல்ல முடியாது. பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு அந்தப் பக்கமிருந்தே என் குரல் அவருக்குத் தெரியும். என்னை வைத்து முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்திருக்கிறார். பாஸ்குக்குள் பாவமன்னிப்புப் பெறாவிட்டால் பூசையில் நன்மை அப்பம் வாங்க முடியாது. காரியதரிசி நன்மை வாங்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் என்னவென்று கேட்பார்கள். ஆகவே மறுதபாலில் எனக்குப் பாவமன்னிப்பு அனுப்பும்படி பணிவுடன் வேண்டுகிறேன். அபராதம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சரி, வெளியே தெரியாததாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாவியான இக்னேஷியஸ்

*

சேசு மரி சூசை

மயிலாப்பூர்,
7 ஏப்ரல் 1934

சங்கைக்குரிய சுவாமி,

உங்கள் பதில் பெரிய புதன்கிழமை வந்தது. பாவசங்கீர்த்தனம் வாயால் காதுக்குச் சொல்ல வேண்டியது, கடிதத்தில் செல்லாது என்று எழுதியிருந்தீர்கள். அந்த மனிதனின் நல்ல பெயரை முதலில் திருப்பிக் கொடுங்கள், மற்றதெல்லாம் பிறகு என்றும் எழுதியிருந்தீர்கள். முதலாவதை நான் வேதபாட வகுப்பில் இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இரண்டாவதையும்தான்.

மறுநாளே ராயப்பேட்டைக்குப் போவதாக இருந்தேன். பெரிய வியாழக்கிழமை பாதம் கழுவும் சடங்கு. இந்த வருஷம் பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் என்னையும் ஒருவனாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சுவாமியார் என் பாதத்தைக் கழுவித் துடைத்து முத்தி செய்தபோது முழங்காலைப் பார்த்து, தேவலையா என்று கேட்டார். தேவலை என்றேன். வெள்ளிக்கிழமை பாடுகளின் ஜெபம். சனிக்கிழமை காலை, விசாரணை நடக்கும் நேரத்தில், நான் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

நம் கோயிலில் அல்ல. இங்கிருந்து மூன்று மைலில் ஒரு கோயிலுக்குப் போர்த்துக்கலிலிருந்து புதிதாக ஒரு சுவாமியார் வந்திருக்கிறார். மிகவும் நல்லவர். தமிழ் இன்னும் வரவில்லை. எனக்கு மட்டுமே தோன்றிய யோசனை என்று நினைத்துப் போனேன். வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம்வரை நின்றது. நம் சபைப் பொக்கிஷதார் எனக்கு ஐந்து பேருக்கு முன்னால் இருந்தார். ஒருவரையொருவர் பார்த்து வானிலை பற்றிப் பேசிக்கொண்டோம். என் முறை வந்தபோது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். டப்பியைப் பற்றிச் சொல்லும்போது அழுதேன். சுவாமியார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மூன்று அருள்நிறை மந்திரம் அபராதமாகக் கொடுத்தார். பொக்கிஷதாருக்கும் மூன்றுதானாம்.

பாஸ்குவன்று நன்மை வாங்கினேன். அது செல்லுமா என்று உங்களைக் கேட்கப் போவதில்லை.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனேன். மானேஜர் சுப்பராயன் என்பவர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். மணிக்கட்டை விசாரித்தார். நான் வந்த காரியத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள், சனிக்கிழமையே மண்ணாங்கட்டியை நீக்கிவிட்டதாகச் சொன்னார். “மோதினதுக்கு இல்லை, ஸார். மோதறது எல்லா வண்டியும்தான் மோதும். உங்களை மாதிரி ஒருத்தர்மேல பொய் சொல்றான் பாருங்க, அதுக்காகத்தான் அனுப்பிட்டோம். கடைசிவரைக்கும் அதையே சொல்லிட்டிருந்தான். சாட்சி ஏதாவது இருக்கான்னு கேட்டோம். ஒன்னும் இல்லைன்னுட்டான்.”

பையிலிருந்து டப்பியை எடுத்து, பெயர் தெரியும்படி அவர் மேஜைமேல் வைத்தேன். அதுவே வாக்குமூலம், அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டியிராது என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. “ஓ, நோன்பு முடிஞ்சுபோச்சா, ஸார்?” என்று சொல்லி, திறந்து ஒரு சிமிட்டா எடுத்துக்கொண்டு டப்பியை என் பக்கம் நகர்த்தினார்.

நானும் ஒரு சிமிட்டா எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

லூர்துமேரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எங்கே போய் வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கவில்லை, ஆனாலும் அவளுக்குத் தெரிந்திருந்தது. “சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாள். ஆறு வாரத்தில் அவள் இதைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி. நான் கால் கழுவப் போனேன். அவள் சாதம் போட்டாள்.

இதுவரை சுவாமியாருக்கு எழுதினேன். இனி எழுதுவது தம்பிக்கு.

பவுலு, கடிதத்தில் எழுதியது பாவசங்கீர்த்தனம் ஆகாது என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் அதில் உள்ளதை வெளியே சொல்ல உனக்கு எந்தத் தடையும் இல்லை. யோசித்துப் பார், சட்டப்படி சரியாகவே இருக்கிறது. போன மாதம் நான் எழுதியதையும் இதையும் ஒரே உறையில் போட்டுப் பங்குச் சுவாமியாருக்கு அனுப்பிவிடு. கம்பெனிக்கு அவர் எழுதுவார்; விடுதிக்கு யாரிடம் ரொட்டி வாங்குவது என்பது அவர் கையில் இருப்பதால் கேட்பார்கள். நானே போய்ச் சொல்வேன் என்று காத்திருக்காதே. நான் போய்ச் சொன்ன லட்சணத்தைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். நீ சின்னப் பையனாக இருந்தபோது பொய் சொன்னதற்காக உன்னை ஒருநாள் வெயிலில் நிற்கவைத்தேன். எதைப் பற்றிய பொய் என்று மறந்துவிட்டது, நிற்கவைத்தது ஞாபகமிருக்கிறது. அதற்கு இப்போது பதில் செய்துகொள். கோபத்தோடு செய்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் செய்.

சர்வேசுரன் உனக்கு நல்ல சுகம் தரட்டும். மழைக்காலத்தில் தலையை நனைக்காதே. எனக்கு ஆசீர்வாதம் அனுப்ப வேண்டாம், உறையை அனுப்பினால் போதும்.

உன் அண்ணன்,
இக்னேஷியஸ்

பின்குறிப்பு: நேற்று வெள்ளிக்கிழமை. கெங்கம்மா சங்கரா மீன் கொண்டுவந்தாள். மண்ணாங்கட்டி செவ்வாய்க்கிழமை முதல் கட்டுமரத்தில் போகிறான்.