போதும் என்ற சொல்லால் நின்ற திருமணம் குறித்து முத்துத்துறைக்கு விடுத்த ஓலை

ஓங்குக செங்காந்தள் மலைநாடு! வற்றாது பொலிக முத்துத்துறையின் கடலும் கலமும்!

மலைநாட்டு வேந்தரின் தலைமை அமைச்சர் ஆதன் கொற்றனார், முத்துத்துறைப் பெரும்படைத் தலைவரும் இளவரசர் சேந்தனாரின் தாய்மாமனுமாகிய வன்பரதனாரின் திருமுன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையில் யாவரும் நலம் பெறுக. தங்கள் சினம் மட்டும் சற்றே தணிக.

நிச்சய விருந்துக்கு எழுந்தருளிய தாங்கள் பந்தியிலிருந்து எழுந்த கையோடு குதிரை ஏறியதும், சோறு போட மனமில்லாதவர் வீட்டில் தம் மருமகன் மாலை சூடான் என்று ஊர் எல்லையில் உரைத்ததும் அமைச்சரின் செவிக்கு எட்டின. அரசியார் அழுதார். மணப்பெண்ணாகிய இளவரசி பூங்குழையார், உப்புக் குறைந்ததா உபசாரம் குறைந்ததா என்று அமைச்சரைக் கேட்டார். விடையை அமைச்சர் பிறரிடம் தேட வேண்டியதாயிற்று. அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

ஆகவே, மலைக்கு உப்பு ஏற்றிவரும் தங்கள் நாட்டு வணிகர் ஒருவரைத் தம் இல்லத்துக்கு அழைத்து, இலை விரித்து, அமைச்சர் தாமே பரிமாறினார். முதற் கரண்டிக்கே வணிகர் போதும் என்றார். அமைச்சர் கரண்டியை மீட்டார். வணிகரின் முகம் வாடிற்று. அப்போதே யாவும் விளங்கின. தங்கள் நாட்டில் போதும் என்பது விருந்தினரின் மரியாதை, அதைக் கேளாமல் மேலும் இடுவது வீட்டாரின் மரியாதை. இரு கையாலும் இலையை மறைத்த பின்னரே வயிறு நிறைந்ததாகப் பொருள். எங்கள் நாட்டிலோ போதும் என்றால் போதும். அதற்குமேல் ஒரு பருக்கை இட்டாலும் விருந்தினரின் சொல்லை மிதித்ததாகும். தாங்கள் மரியாதைக்குச் சொன்னீர்கள், நாங்கள் மரியாதைக்கு நிறுத்தினோம், நடுவில் தங்கள் வயிறு காய்ந்தது. சிரிக்கத் தக்கதே, ஆயினும் ஒரு பெண்ணின் வாழ்வு இதில் சிக்கியிருப்பதால் அமைச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

எனவே தைத் திங்கள் வளர்பிறையில் மணம் நடந்தே தீரும் வகையில் யாவும் வகுக்கப்பட்டுள்ளன. தங்கள் சுற்றத்தாரில் முதியோர் மலையேறச் சிவிகைகள் அடிவாரத்தில் காத்திருக்கும். மீன் குழம்பு தங்கள் ஊர் மடைப்பள்ளியாரின் கைப்பக்குவத்திலேயே கொதிக்கும். முத்துத்துறையார் அமரும் பந்திகளில் போதும் என்னும் சொல் பரிமாறுவோர் செவியில் விழாது. இலை மறையும்வரை கரண்டி நில்லாது. தங்கள் இலைக்கு நெய் வார்ப்பவர் எங்கள் வேந்தர். முதலில் ஓய்வது அவர் கையா, மறைப்பது தங்கள் கையா என்று காண ஊரே திரண்டு வரும்.

ஈடாக வேண்டுவது ஒன்று. ஓலையைக் கட்டும் வேளையில் இளவரசியார் தாமே வந்து சேர்க்கச் சொன்னது அது. அவர் தங்கள் வீட்டுக்கு உண்ண வருபவரல்லர், வாழ வருபவர். சொன்ன சொல்லுக்குச் சொன்னதே பொருளாகும் நாட்டில் வளர்ந்தவர். சோற்றிலாயினும் வேறெதிலாயினும், அவர் ஒருமுறை போதும் என்றால், கையால் மறைக்கும்வரை காத்திராமல் தங்கள் வீட்டார் அங்கேயே நிறுத்தல் வேண்டும்.

இதற்கு உடன்பட்டுப் பசியோடு எழுந்தருள்க. வேந்தர் ஆணைப்படி காந்தள் இலச்சினை இடப்பட்டது. இனி எழுத ஒன்றுமில்லை. எங்கள் நாட்டு வழக்கப்படியே சொல்கிறோம்: போதும்.