கடல்குதிரையின் வால் முடியும் இடம்

என் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய பெரியண்ணனுக்கு,

கடல்குதிரையின் வால் எங்கே முடிகிறது என்பதை உலகம் ஒருவழியாகத் தீர்மானித்துவிட்டது. பல நாட்டு அறிஞர்கள் கூடிப் பேசி, வாக்களித்து, திருத்தி, மறுபடியும் பேசி, இனி வாலையும் முழுவதுமாகச் சேர்த்தே அளப்பது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு நாடுகள் ஓர் ஆற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் அளவுக்கு இதில் சிரமம் இருந்ததாகக் கேள்வி. நம் ஊரான கோலா சிலாங்கூரில் கடைகள் வழக்கம்போல் திறந்திருந்தன.

இது கடலில் நீந்தும் குதிரை இல்லை, அண்ணே. மூளைக்குள் இரண்டு பக்கமும் சுருண்டு கிடக்கும் சின்ன உறுப்பு. உருவத்தைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தார்களாம். புதிதாக நடப்பதைப் பிடித்து வைப்பது அதன் வேலை. உங்களுக்கு வந்த மறதி நோயில் அதுதான் முதலில் சுருங்கத் தொடங்கும். ஸ்கேன் படத்தில் அதன் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு அளப்பார்கள். கோடு எங்கே முடிய வேண்டும் என்பதில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சம்பிரதாயம் இருந்தது. கோயிலுக்குக் கோயில் பூசை முறை மாறுவதில்லையா, அதுபோல.

மறதி நோய் பற்றிய ஓர் ஆராய்ச்சியில் உங்களைச் சேர்த்தபோது முதல் படத்தை ஓர் இடத்தில் எடுத்தார்கள். அங்கே வாலை விட்டுவிட்டு அளப்பது வழக்கம். பிறகு ஆராய்ச்சி வேறோர் இடத்துக்கு மாறியது. அங்கே வாலோடு அளப்பது வழக்கம். இரண்டு இடத்துக்காரர்களும் ஒழுங்காகத்தான் வேலை செய்தார்கள். இடையில் உங்கள் மூளை வளர்ந்துவிட்டது.

செய்தி தொலைபேசியில் வந்த நாளை நீங்கள் மறந்திருந்தாலும் அண்ணி மறக்கவில்லை. ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் இரண்டு அளவுகளையும் வாசித்தாள்.

“எது பெருசும்மா? முன்ன எடுத்ததா, இப்ப எடுத்ததா?” என்றார் அண்ணி.

“இப்ப எடுத்ததுதான் ஆன்ட்டி. ஆனா டாக்டர்கிட்ட...”

அந்த ‘ஆனா’வுக்கு அப்புறம் அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அண்ணி சூடம் தேடப் போய்விட்டார். பின்னால் டாக்டரும் பொறுமையாகத்தான் சொன்னார்: இரண்டு இடத்து அளவுகளையும் ஒப்பிடக்கூடாது, இதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று. “டாக்டருங்க நல்ல சேதியக்கூட பயமுறுத்தித்தான் லா சொல்வாங்க” என்று அண்ணி அவரை மன்னித்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை, பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நேர்ந்துகொண்டபடி மொட்டை அடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து, ஒளித்து வைத்திருந்த மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து உங்கள் கையில் கொடுத்தார்.

வாழ்நாளெல்லாம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய மனிதரிடமிருந்து சாவியைப் பிடுங்கிய நாளில் உங்கள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். திரும்பக் கிடைத்த நாளிலும் பார்த்தேன். அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

அதற்குப் பிறகு கடைத்தெருவில் உங்களை யாராலும் கட்டுப்படுத்த முடியவில்லை. “எனக்கு மூளை வளருது. இங்க உக்காந்திருக்கிற வேற எவனுக்காவது வளருதா?” என்று தேநீர்க் கடையில் கேட்டீர்கள். “வளந்தா என்னடா, வெளிய ஒண்ணும் தெரியலையே லா” என்றார் உங்கள் கூட்டாளி ஆறுமுகம். “உள்ளதானேடா வளருது, எப்படித் தெரியும்?” என்றீர்கள். கடையே சிரித்தது. மலாய்க்காரக் கடைக்காரர் விவரம் கேட்டு, மொழிபெயர்த்த பிறகு தனியாகச் சிரித்தார்.

மீன் வாங்க சுங்கை செம்பிலாங் மீன் கடைக்குப் போவீர்கள். வாழைப்பழத்தோடு வருவீர்கள். முன்பெல்லாம் இப்படி வந்தால் வீடு மௌனமாகிவிடும். அண்ணி உங்களைக் கைபிடித்து உள்ளே கூட்டிப் போவார். உங்கள் மகள் கவிதா என்னைப் போனில் கூப்பிட்டு அழுவாள். நீங்கள் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பீர்கள். இப்போதோ அண்ணி, “மீனு கேட்டா பழமா? வாங்க, இதையே கொழம்பு வைக்கிறேன்” என்பார். நீங்களும் சிரிப்பீர்கள். வளர்கிற பிள்ளை பொருளைத் தவறவிடுவதில்லையா என்று நாங்கள் ஒருவருக்கொருவர் விளக்கம் சொல்லிக்கொண்டோம். மறதி குறையவில்லை, அண்ணே. எங்கள் முகம்தான் மாறியிருந்தது. அது உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

அந்த மீன் கடையில்தான் மாரடைப்பு வந்தது. விலை கேட்டுக்கொண்டே சாய்ந்தீர்கள் என்றார் கடைக்காரர். மறதியோடு அதற்குச் சம்பந்தமில்லை என்று எழுதித் தந்தார்கள். துக்கத்துக்கு வந்த எல்லோரிடமும் அண்ணி ஒன்றையே சொன்னார்: “நல்லாகிக்கிட்டு வந்த மனுசன்.” இத்தனை வருடமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினார்.

இப்போது இங்கே நடப்பதைச் சொல்கிறேன். கொஞ்ச நாளாக அண்ணி சொன்னதையே சொல்கிறார். அடுப்பில் பால் பொங்கி வழிந்து காய்ந்து போவது வழக்கமாகிவிட்டது. இப்போது புக்கிட் பெருந்துங்கில் குடியிருக்கும் கவிதா, ராவாங்கில் வேலை முடித்து, சனிக்கிழமைகளில் வந்து கெஞ்சிப் பார்த்தாள், ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று. அண்ணி உடனே சம்மதித்துவிட்டார். காரணத்தையும் சொன்னார்: “ஒங்கப்பாவுக்கு வளந்துச்சில்ல. எனக்கும் வளரும்.”

அதே வாரத்தில்தான் ஆராய்ச்சிக்காரர்கள் கவிதாவை அழைத்தார்கள். புதிய விதிப்படி பழைய படங்களையெல்லாம் திரும்ப அளக்கிறார்களாம். உங்கள் இரண்டு படங்களையும் வாலோடு அளந்தார்கள். இரண்டாவதுதான் சிறியது. நன்றாகவே சிறியது.

அவள் நேரே என் வீட்டுக்கு வந்து காரிலிருந்து இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். “சித்தப்பா, சொன்னா அம்மா வரமாட்டாங்க. சொல்லாம கூட்டிட்டுப் போனா, வளரும்னு நம்பிக்கிட்டு மெஷின்ல படுப்பாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அவள்தான் முடிவெடுத்தாள். “பொய்யச் சொல்லிப் படுக்க வைக்க என்னால முடியாது” என்றாள். இருவருமாக அண்ணியிடம் போனோம்.

ரவிக்கை அளவை வைத்து விளக்கினாள். “ஒரு டெய்லர் தோள்லேருந்து அளந்தாரு, இன்னொருத்தர் கழுத்துலேருந்து அளந்தாரும்மா. துணி வளரல. இப்ப எல்லா டெய்லரும் ஒரே எடத்துலேருந்துதான் அளக்கணும்னு சொல்லிட்டாங்க. அப்படி அளந்தா...”

அண்ணி அவளை முடிக்க விடவில்லை. மொட்டைக்குப் பிறகு தோள்வரை வந்திருந்த முடியைக் கையால் பின்னுக்குத் தள்ளினார். “அப்ப இது மட்டுந்தான் வளந்துச்சு” என்றார்.

நாங்கள் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றோம்.

“அப்ப அவரு நல்லாகவே இல்லையா?”

“இல்லம்மா.”

பிறகு என்னைப் பார்த்து, “ஆனா சிரிச்சாரே, தம்பி” என்றார். கொஞ்சம் கழித்து, “எப்பப் போகணும்?” என்று கேட்டார்.

புதன்கிழமை போனோம். புதிய விதிப்படி, வாலோடு, எந்தக் குறையும் சொல்ல முடியாதபடி அளந்தார்கள். அண்ணியுடையதும் சிறியதாகத்தான் இருக்கிறது. அடுத்த வருடம் திரும்ப எடுப்பார்கள். எங்கே எடுத்தாலும் கோடு ஒரே இடத்தில்தான் முடியும். இனி யாருக்கும் தவறுதலாக வளராது. அது நல்லதுதான், அண்ணே. மருந்து கண்டுபிடிக்க வேண்டுமென்றால் முதலில் அளவு பொய் சொல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு அது புரிகிறது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த வருடம் அந்தப் பெண் வாசிக்கும் எண் என்னவாக இருந்தாலும், மூளை வளர்கிறது என்று நம்பிய அந்த மாதங்களில் உங்களைப் பார்த்த முகத்தோடுதான் அண்ணியைப் பார்ப்பேன். அதற்கு அளவு எதுவும் தேவையில்லை என்பதை நான் கொஞ்சம் தாமதமாகக் கற்றிருக்கிறேன்.

அண்ணி இப்போது கவிதாவோடு புக்கிட் பெருந்துங்கில் இருக்கிறார். உங்கள் வீட்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம்.

என்றும் உங்கள் பின்னால் நடந்தே பழகிய,
கடைசித் தம்பி