அம்மா பாதியில் விட்ட சுவர்

3.6.2025
அப்பாவுக்கு மறுபடி வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். கல்லீரல் தாங்காது, இனி நாள் கணக்குதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா அழவில்லை. உன் கல்யாணம் ஆவணியில்தானே என்று மட்டும் கேட்டாள்.

5.6
காலையில் அம்மா கடலூர் பஸ் ஏறிப் போனாள். வீட்டிலிருந்து மாற்றுத்துணி எடுத்துவர என்று நினைத்தேன். இன்னும் வரவில்லை.

6.6
பக்கத்து வீட்டு மாலதி அக்கா போன் செய்தாள். அம்மா நடுவீட்டுச் சுவரில் செம்மண் பூசி, அரிசிமாவைக் கரைத்து, மூங்கில் குச்சியால் படம் போடுகிறாளாம். நடுவில் கட்டம், அதற்குள் அம்மன், சுற்றிலும் மயில், பனை, எறும்பு வரிசை.

மகாராஷ்டிரத்தில் டஹாணுப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போன அப்பா அங்கத்திய வார்லி பழங்குடிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்தே கொளஞ்சியம்மாள் அத்தைக்கு ஆகாது. "எங்கண்ணன் இழுத்துக்கிட்டுக் கெடக்குறாரு, இவ செவுத்துல பொம்ம போடுறாளா?" என்றாள். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடச் சுவர்களில் கூலிக்குப் போடுவாள், சரி. இப்போதா? என்ன மனுஷி இவள்?

போனில் கத்தினேன். "அப்பா சாகக் கெடக்குறாரும்மா. ஒனக்குப் படம் கேக்குதா? இப்பவே கெளம்பி வா."

"நாளைக்கு மதியத்துக்குள்ள முடிச்சிடுவேன் கயலு."

முடியாது என்றேன். வந்துவிட்டாள். நகத்தில் மாவு காய்ந்திருந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

8.6
காலை ஒன்பதே காலுக்கு அப்பா போய்விட்டார்.

24.6
காரியம் முடிந்து எல்லோரும் போனார்கள். சுவரில் வலது பக்கம் வெறும் செம்மண். இரண்டு பனை ஓலையில்லாமல் நிற்கிறது. முடித்துவிடேன், மனசு கொஞ்சம் மாறும் என்றேன். நல்லது சொல்வதாக நினைத்துத்தான்.

அம்மா மறுத்தாள். அவர்கள் ஜனத்தில் கல்யாணச் சுவரைப் புருஷன் உயிரோடு இருக்கிறவர்கள்தான் போடலாமாம். பெண்ணைப் பெற்றவளானாலும் புருஷன் போனபின் தொடக்கூடாதாம். கல்யாணத்துக்கு முந்தின நாள் போடவேண்டியதை, அப்பா இருக்கும்போதே என்று இத்தனை முன்னாலேயே —

"அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அவரு போயிடுவாருன்னு நானே சொன்ன மாரி ஆவாதா?"

அரை நாள்தான் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. பாவி, நான் பாவி. கத்துவதற்கு முன்னால் எதுக்கும்மான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?

25.6
சோறு இறங்கவில்லை.

17.8
கல்யாணம் தைக்குத் தள்ளிப்போயிற்று. இது கடலூர், இங்கே யார் கேட்கப்போகிறார்கள், போடும்மா என்று இன்றும் கெஞ்சினேன். யாரும் கேட்க வேண்டாம், எனக்குத் தெரியுமே என்றாள்.

29.1.2026
அந்தச் சுவருக்கு முன்னால்தான் தாலி ஏறியது. அம்மா வந்தவர்களைக் கவனிப்பதுபோல வாசலிலேயே நின்றுகொண்டாள்.

31.1
மறுவீட்டுக்கு வந்தோம். காபி குடித்து முடிக்கவில்லை, அம்மா மாவும் குச்சியும் கொண்டுவந்து வைத்தாள். "இப்ப நீ போடலாம்" என்றாள்.

ஒரு பனைக்கு ஓலை போட்டேன். கோணிக்கொண்டது. அன்று உன்னைக் கூப்பிட்டது என் தப்பு என்றேன். அம்மா ஓலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்து ஒரு கோடாவது இழு என்று கேட்டேன்.

கிட்டே வந்தாள். வந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.