பாதிச் சிரிப்பு

அன்புள்ள அக்காவுக்கு, முழங்கால் வலி தேவலையா?

மூளைக்குள் இடது, வலது என்று இரண்டு கட்சி உண்டென்று நான் அப்போதே சொன்னேன். நான் பெருக்கித் துடைக்கிற ஆராய்ச்சிக்கூடமே இப்போது ஒத்துக்கொண்டுவிட்டது! நேற்று என்னையே உட்காரவைத்துச் சோதித்தார்கள். திரையில் ஒரு முகம் மின்னி மறைந்தது.

"சிரிக்குது" என்றேன்.

"பாதிதாண்ணே சிரிச்சுது. மறுபாதி அழுதுச்சே, பாக்கலையா?" என்றாள் சோதித்த பெண்.

வீடியோவில் பார்த்த உன் மகள் முகம் நினைவுக்கு வந்தது. பிள்ளை பெற்றதிலிருந்து அழுதுகொண்டே இருக்கிறாள் என்று நீ சொன்னபோது, "எல்லாம் ஹார்மோன் வேலைக்கா, தானா அடங்கிடும்னு இங்க பெரிய டாக்டரே சொல்லிட்டாரு" என்றேனே.

போனில் சொல்ல வாய் வராமல், எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். படித்ததும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. வந்ததும் இந்த மாமாவிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்.

அப்படி எந்த டாக்டரும் சொல்லவில்லை, அக்கா. நானாக அடித்துவிட்டது.

உன் தம்பி