காவலாளிக்கு ஒரு நாற்காலி

அன்புள்ள பெரியவனுக்கு,

நான், அப்பா, உன் தங்கச்சி மூவரும் சுகம். உன் இருமல் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலில் எழுது. போனிலேயே சொல்லிவிடேன் என்கிறார் அப்பா, போனில் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் தங்கச்சியின் கண்காட்சி சனிக்கிழமை திறந்தாயிற்று! தெருச்சுவரில் படம் போட்டு ஊர்வம்பை விலைக்கு வாங்குகிறாளே என்று எத்தனை நாள் திட்டியிருப்பேன், அவளுக்கு ஒரு பெரிய கூடத்தையே கொடுத்திருக்கிறார்கள். சுவரில் வரைந்ததை எல்லாம் ஆளுயரப் பலகைகளில் திரும்ப வரைந்திருக்கிறாள். எல்லாரும் நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவர்கள், ஓட்டலில் தட்டுக் கழுவுகிறவர், லிஃப்ட் இயக்குகிறவர், துணிக்கடையில் என்னைப் போன்ற பெண்கள். ஒவ்வொருவரையும் வேலை இடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறாள். உட்காருவதும் மனித உரிமைதான் என்று நுழைவில் எழுதியிருந்தது. ஒரு படத்தில் கெண்டைக்கால் நரம்பு புடைத்திருந்தது, அது என் கால்தான், சந்தேகமே இல்லை. அப்பா அதைப் பார்த்து மூக்கைச் சிந்தினார், கேட்டால் பெயிண்ட் வாடை ஒத்துக்கொள்ளவில்லையாம்.

எல்லோரும் ஆகா ஓகோ என்று பேசிக்கொண்டிருக்க, வாசலில் காவலாளி கால் மாற்றி மாற்றி நிற்பதைப் பார்த்தேன். அப்பா வயதிருக்கும். எப்ப வந்தீங்க என்று கேட்டேன். காலைல எட்டுக்கும்மா, உட்கார்ந்தா வேலை போயிடும் என்றார். எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, கூடம் நடத்தும் அம்மாளிடம் நேரே போய், படத்துல எல்லாரும் உட்கார்ந்திருக்காங்க, உங்க வாசல்ல நிக்கிறவருக்கு நாற்காலி எங்கம்மா என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான் பார்க்கிறேன், பக்கத்தில் என் கடை முதலாளி பழச்சாறும் கையுமாக நிற்கிறார்! அந்த அம்மாள் முகம் சிவந்து, தன் அறை நாற்காலியைத் தானே தூக்கி வந்து போட்டார். காவலாளி மாட்டேன் என்றார். உன் தங்கச்சி அவர் கையைப் பிடித்து, உட்காருங்க மாமா, நான் இருக்கேன் என்றாள். நுனியில் உட்கார்ந்தவர், கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் சும்மா இருக்க முடியுமா? திங்கட்கிழமை வீட்டு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், துணி மடிக்கும் மேசைக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை! மேற்பார்வையாளர் வந்து, என்னக்கா, சொந்த வீடுன்னு நெனப்பா என்றார். ஆள் வந்தா எழுந்துக்கறேன், வராதப்ப எதுக்கு நிக்கணும் என்றேன். பில் போடுகிற பெண்ணுக்கு ஆறாம் மாதம், அக்கா எனக்குக் கொஞ்சம் என்று வந்தாள். சாயங்காலத்துக்குள் பதினோரு பேர் மாறி மாறி உட்கார்ந்துவிட்டோம். இன்று காலை முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். மற்ற பத்துப் பேரும் என் பின்னாலேயே படியேறினார்கள். முதலாளி தலை நிமிராமல், பழக்கதோஷத்தில், உட்காருங்க என்றார். அறையில் இருந்ததோ இரண்டே நாற்காலி. பில் போடுகிற பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். அவர் எங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்து, சரி, ஸ்டூல் வாங்கிப் போடறேன், ஒரு மாசம் பார்ப்போம், விற்பனை குறைஞ்சா எடுத்துடுவேன் என்றார். குறையவே விடமாட்டோம்!

தங்கச்சிக்கு இரண்டு வரி எழுது, நீ என்ன சொல்வாயோ என்று தவிக்கிறாள். கண் டாக்டரிடம் போகச் சொன்னேனே, மறக்காதே. நோய்நொடி அண்டாமல் நன்றாக இரு கண்ணு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா