பெட்டியில் போட்டிருந்த எடை

மார்ச் 4, செவ்வாய்

இன்று நான்கு கட்டடங்கள், ஒன்பது லிஃப்ட். ஒன்றில் கதவு சென்சார் மந்தமாக இருந்தது. சான்றிதழில் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். அந்தக் கட்டடத்து மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்கு வந்தால் ஹாலில் இரண்டு பெரிய பெட்டிகள். அக்காவின் ஆபீஸிலிருந்து ஸ்பீக்கர்கள் வந்திருந்தன. பார்வையற்றோர் நூலகத்துக்காக ஒலிநூல்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. வாசிப்பவர் எங்கே ஒரு சொல்லை விழுங்கினார், எங்கே பக்கம் புரட்டும் சத்தம் பதிவாகிவிட்டது என்று கேட்டுக் குறித்துக் கொடுப்பாள். இனி ஹெட்ஃபோன் கூடாது, காது புண்ணாகிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டுடியோவில் புதிது வாங்கியதால் பழைய ஜோடியை இவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். புத்தக அலமாரியில் வைக்கிற அளவுதான், ஆனால் ஒவ்வொன்றும் பதினோரு கிலோ. மூன்று மாடி தூக்கி வந்த ஆள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனாராம். லிஃப்ட் பார்க்கிறவன் வீட்டுக்கு லிஃப்ட் இல்லை என்று என் மனைவி பழைய ஜோக்கை இன்றும் ஒரு தடவை சொன்னாள்.

அலமாரியில் வைத்தால் பலகை அதிர்கிறது. தரையில் வைத்துப் பார்த்தோம். “எல்லாரும் படுத்துக்கிட்டே படிக்கிற மாதிரி இருக்குடா,” என்றாள் அக்கா. அவள் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர். அப்படியானால் எழுபது சென்டிமீட்டர் உயரத்தில் ஸ்டாண்டு வேண்டும்.

“கனமா இருக்கணும், ஆடக் கூடாது, விலையும் கைக்கு அடங்கணும். நீயே பாத்து வாங்கு. இதெல்லாம் உனக்குத்தானே தெரியும்.”

மார்ச் 9, ஞாயிறு

மூன்று கடை ஏறி இறங்கினேன். நன்றாக இருப்பது நாலு கால் இரும்பு ஸ்டாண்டு. விலை கேட்டதும் கையை எடுத்துக்கொண்டேன். மர ஸ்டாண்டு அழகு, ஆனால் உயரம் போதாது. இன்னொன்று ஒற்றைக் கம்பி, கீழே அழுத்திய மரத்தூள் பலகை, தொட்டாலே தலையாட்டியது. வெறுங்கையோடு வந்தேன். கால் வலி.

மார்ச் 15, சனி

ஸ்டாண்டு வாங்கியாயிற்று. மாட்டியாயிற்று. அக்காவுக்கு ரொம்பச் சந்தோஷம். விட்டது தொல்லை.

மார்ச் 27, வியாழன்

அக்கா சொல்கிறாள்: “இடது பக்கம் ஏதோ முனகுதுடா. ஆள் நடந்தா வருது.” ஸ்பீக்கர் பழசு, அதுதான் என்றேன். அவள் வேறு அறைக்குப் போனதும் இடது ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு அட்டையை நாலாக மடித்துச் செருகினேன். இப்போதைக்குப் போதும்.

ஏப்ரல் 4, வெள்ளி

பதினான்காவது மாடியில் லிஃப்ட் மெஷின் அறைக்குள் இருந்தபோது மனைவி போன் பண்ணினாள். ஸ்பீக்கர் விழுந்துவிட்டது. அக்காவின் வலது பாதத்தில்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இரண்டு விரல்களில் எலும்பு முறிவு, பாதம் வீங்கிப் பூசணி போல. ஆறு வாரம் கட்டு.

“நான்தான் எங்கயோ இடிச்சிருக்கேன்,” என்றாள் அக்கா. “புடவை பட்டுதோ, கை பட்டுதோ. கவனமில்லாம நடந்துட்டேன். பொருள் ஒடஞ்சுதாடா?”

நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். அவள் முன்னால் நான் என்ன சொன்னேன்?

“பாத்து நடந்திருக்கலாம்ல அக்கா.”

பாத்து. கண் தெரியாதவளிடம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இரண்டு நாளாக எழுத உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன். யாருக்குப் பயந்து? இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்?

மார்ச் 15 அன்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். நான் வாங்கியது அந்த ஒற்றைக் கம்பி ஸ்டாண்டு. பெட்டியைப் பிரிக்கும் முன் அக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுல எவ்வளவு எடை தாங்கும்னு போட்டிருக்கு? படியேன்,” என்றாள். பெட்டியில் கொட்டை எழுத்தில் ஐந்து கிலோ என்று போட்டிருந்தது. நான் “பதினஞ்சு” என்று படித்தேன்.

ஏன்? திரும்ப எடுத்துப் போக அலுப்பு. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை போய்விடுமே என்ற எரிச்சல். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்தால் தேவலை என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

விழுந்ததை எடுத்துப் பார்த்தேன். அடிப் பலகையில் நான்கு திருகாணியும் மரத்தூளைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தன. மடித்து வைத்த அட்டை நசுங்கித் தகடாகக் கிடந்தது. அவள் தொட்டிருக்கக்கூட வேண்டாம். தொழிலில் இந்த மாதிரி ஒரு திருகாணியைப் பார்த்தால் லிஃப்டையே நிறுத்திவிட்டு வருவேன்.

எல்லாவற்றையும் கோணியில் சுற்றிக் குப்பையில் போட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம். அக்கா இங்கே தடி எடுத்ததே இல்லை. ஹாலில் காபி டம்ளரோடு நம்மைவிட வேகமாக நடப்பாள். இப்போது கட்டுப்போட்ட காலோடு சுவரைப் பிடித்துக்கொண்டே போகிறாள். கால் வலியால் என்று நினைத்தேன். இல்லை. இன்று நாற்காலியில் உட்காரும் முன் மூன்று தரம் தடவிப் பார்த்தாள். தண்ணீர் செம்பைக் கேட்டு வாங்கினாள். முன்பெல்லாம் யாராவது எடுத்துக் கொடுத்தால் கோபம் வரும்.

“எல்லாத்தையும் தட்டி விட்டுடுவேனோன்னு இருக்குடா.”

நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 26, சனி

சாயங்காலம் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அக்காவின் அறையில் குரல் கேட்டது. போனில் பேசுகிறாள் என்று நினைத்தேன். கடிதம் சொல்லிக்கொண்டிருந்தாள், அவள் சொல்லச் சொல்ல போன் தானே எழுதிக்கொள்ளும்.

“ஒலிநூல் பிரிவுப் பொறுப்பாளருக்கு. கடந்த மாதத்திலிருந்து என் காதுகளை என்னால் முழுமையாக நம்ப முடியவில்லை. இல்லாத சத்தங்கள் கேட்டன. தவறான குறிப்புகள் கொடுத்து வாசிப்பவர்களின் உழைப்பைக் கெடுக்க விரும்பவில்லை. ஆகவே இந்தப் பொறுப்பிலிருந்து…”

இல்லாத சத்தம். இடது பக்கம் முனகல். நான்தான் ஒன்றுமில்லை என்றேன்.

வாசலிலேயே ஒரு செருப்போடு நின்றேன். அவள் கேட்டுவிட்டாள். “வந்துட்டியா? இத திங்கக்கெழம அனுப்பிடலாம்னு இருக்கேன். இருபத்திரண்டு வருஷம் போதும்டா. காதும் ஏமாத்த ஆரம்பிச்சா அப்பறம் என்ன இருக்கு?”

“அவசரப்படாத அக்கா” என்றேன்.

சமையலறைக்குப் போனால் மனைவி பழைய படுக்கை விரிப்புகளை மடித்து ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பெட்டி. ஸ்டாண்டைத்தான் குப்பையில் போட்டேன், பெட்டியை மறந்துவிட்டேன்.

“அஞ்சுன்னு போட்டிருக்கு,” என்றாள், என்னைப் பார்க்காமல். “அன்னிக்கு நீங்க பதினஞ்சுன்னு படிச்சது எனக்கு இங்க கேட்டுது.”

“எப்போ பாத்தே?”

“பத்து நாளாச்சு. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

“நீ சொல்லிடேன்,” என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன். ஐம்பது வயது ஆகப் போகிறது.

“நான் சொன்னா அது கோள். நீங்க சொன்னாத்தான் அவங்களுக்கு உபயோகம்,” என்றுவிட்டுப் பெட்டியை மூடினாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையில் அவள் பால்கனியில் உட்கார்ந்து காலை ஸ்டூலில் நீட்டியிருந்தாள். பக்கத்தில் நின்றுகொண்டேன். உட்காரத் தோன்றவில்லை. பெட்டியில் இருந்ததையும் நான் படித்ததையும் சொன்னேன். அட்டையைச் செருகியதைச் சொன்னேன். திருகாணி பிய்ந்திருந்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சொன்னதற்கு மட்டும் வார்த்தை வரவில்லை.

கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள், கிளம்பவில்லை.

“அப்போ அந்த முனகல் நெசம்?”

“நெசம்.”

“எடது பக்கம்?”

“எடது பக்கம்தான் அக்கா.”

மூச்சு விட்டாள். ஒரு கணம் சிரிப்பாள் என்றே நினைத்தேன். முகம் அப்படித்தான் போயிற்று. பிறகு மாறிவிட்டது.

“காலு போகட்டும்டா. அது ஒட்டிக்கும். இருபது வருஷமா டாக்டர் சீட்டு நீதான் படிக்கிற. பாங்க்லேர்ந்து வர்றது நீதான் படிக்கிற. மாத்திரை டப்பாவுல தேதி நீதான் படிக்கிற. அதுல எது எது பதினஞ்சு?”

“வேற எதுவும் இல்ல அக்கா. சத்தியமா.”

“இதையும் படிக்கிறப்போ சாதாரணமாத்தானே படிச்சே? கொரல்ல ஒண்ணுமே தெரியலியே. எனக்கே தெரியலியே.”

அழுதேன். அவள் அழவில்லை. “உள்ள போ,” என்றாள். போனேன்.

ஏப்ரல் 28, திங்கள்

கடிதத்தை அவள் அனுப்பவில்லை. என்னிடம் சொல்லவில்லை; மனைவி சொன்னாள்.

மே 7, புதன்

மாத்திரை டப்பா, கரண்ட் பில், எல்லாம் இப்போது மனைவியிடம் போகிறது. போனிலேயே எழுத்தைப் படித்துச் சொல்லும் வசதி இருக்கிறதாம், ஆபீஸில் யாரோ வந்து போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். காகிதத்தை அதன் முன் காட்டினால் ஒரு பெண் குரல் தட்டுத்தடுமாறிப் படிக்கிறது. “இதுக்கு ஏத்த எறக்கமாப் படிக்கத் தெரியல, ஆனா கூட்டிக் கொறச்சுப் படிக்கவும் தெரியல,” என்று அக்கா மனைவியிடம் சொன்னாள். பேப்பருக்குப் பின்னால் நான் இருந்தது அவளுக்குத் தெரியும்.

சாப்பிட வா என்றால் வருகிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். டேய் என்று கூப்பிட்டுப் பத்து நாள் ஆகிறது.

மே 10, சனி

ஸ்பீக்கர்கள் மூலையில் துணி மூடிக் கிடக்கின்றன. விழுந்ததற்கு ஒரு முனை மட்டும்தான் சிதைந்திருக்கிறது, உள்ளே பழுதில்லை. அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வேலை பார்க்கிறாள், காதில் மருந்து போட்டுக்கொண்டு. பார்க்க முடியவில்லை.

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் வெல்டிங் பட்டறையில் போய் விசாரித்தேன். ஐந்து நிமிட நடை. தினமும் தாண்டிப் போகிற இடம். அவர் தரையில் சாக்பீஸால் படம் போட்டே காட்டினார்: கீழே கனமான இரும்புத் தகடு, நடுவே நாலு குழாய், மேலே ஸ்பீக்கர் அளவுக்கு ஒரு தட்டு. கடையில் கேட்ட விலையில் பாதிகூட இல்லை. மார்ச் மாதத்திலேயே ஒரு தடவை இங்கே எட்டிப் பார்த்திருந்தால்—

வீட்டில் வந்து சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டாள். “கட்டுப் பிரிச்சதும் நானே வந்து பாக்கறேன்,” என்றாள்.

மே 17, சனி

நேற்றுக் கட்டுப் பிரித்தார்கள். இன்று மூவரும் பட்டறைக்குப் போனோம். தெருவில் இறங்கினால் எப்போதும் என் முழங்கையைத்தான் பிடித்துக்கொள்வாள். இன்று மனைவியின் முழங்கை. நான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

பட்டறைக்காரர் மாதிரிக்கு ஒன்று பற்றவைத்து வைத்திருந்தார். அக்கா குனிந்து அடித்தகட்டின் ஓரம் முழுதும் விரலால் ஓட்டிப் பார்த்தாள். பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாக நகத்தால் கீறினாள். பிறகு குழாயைச் சுண்டினாள். டிங் என்றது.

“இது பாடுதே. புஸ்தகம் படிக்கிறப்போ இதுவும் கூடச் சேந்து பாடும்.”

“மணலக் காய வெச்சு உள்ள ரொப்பிடலாம்மா. வாயடைச்சுடும்,” என்றார் அவர். ஒரு குழாயில் அங்கேயே நிரப்பினார். மறுபடி சுண்டினாள். தொப்பென்ற சத்தம். தலையாட்டினாள்.

“எத்தன கிலோ தாங்கும்?”

“நானே ஏறி நிக்கறேன், பாருங்…” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஏறுங்க. நான் கையால பாத்துக்கறேன்.”

ஏறி நின்றார். அக்கா கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. “உங்க எடை எவ்வளவு?”

“எழுபத்தஞ்சும்மா.”

அவள் மனைவி பக்கம் திரும்பினாள். “இருக்குமா?”

“தாராளமா இருக்கும் அண்ணி. கூடவே இருக்கும்.”

மூவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியாமல் இருமினேன்.

மே 24, சனி

ஸ்டாண்டுகளை நான் ஒருவனே மாடிக்குத் தூக்கி வந்தேன், ஒவ்வொன்றாக. மணலோடு சேர்த்து அவ்வளவு கனம். மனைவி கை கொடுக்க வந்தாள், வேண்டாம் என்றேன். அக்கா இடுப்பால் இடித்துப் பார்த்தாள். ஸ்பீக்கருக்கு அடியில் ரப்பர் துண்டுகளை அவளே வைத்தாள். ஒலிநூல் ஒன்றை ஓடவிட்டு, நான் ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடக்க வேண்டும் என்றாள். நடந்தேன். “இன்னும் ஓங்கி நட.” ஓங்கி நடந்தேன். கீழ் வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ.

“ம்” என்றாள்.

ஜூன் 2, திங்கள்

ஹாலின் நடுவே நடந்தாள். கையில் டம்ளர்.

ஜூன் 14, சனி

தபாலில் அவள் பேருக்கு இரண்டு உறை வந்தது. மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மனைவி மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஓர் உறை பிரித்திருந்தது.

“டேய், இதப் படி.”

தலையைக்கூடத் துவட்டவில்லை. வாங்கிப் படித்தேன். நூலகக் கடிதம். அடுத்த மாதம் முதல் புதிதாகச் சேர்ந்த இரண்டு வாசிப்பாளர்களின் பதிவுகளும் அவளுக்கே வரும் என்று. ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தேன். “தவறுகள் இருப்பின் சுட்டிக்காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். இப்படிக்கு…”

“கடைசி வரிய மறுபடி படி.”

மறுபடி பார்த்தேன். ‘தவறுகள் இருப்பின் தயங்காமல் சுட்டிக்காட்டும்படி.’ ஒரு சொல்லை விட்டிருக்கிறேன். கண் தண்ணீரில் எழுத்து கலங்கி இருந்தது, அதனால். வேண்டுமென்று இல்லை.

“தயங்காமல்,” என்றேன். “தயங்காமல் சுட்டிக்காட்டும்படி. விட்டுட்டேன் அக்கா.”

“ஆமா. விட்டுட்டே,” என்றாள்.

அப்போதுதான் புரிந்தது. போனைப் படிக்கவிட்டு அவள் முன்னாலேயே கேட்டிருக்கிறாள். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு முழுக்கத் தெரியும்.

காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. கடிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்தேன். அவள் மேசையைத் தடவி இரண்டாவது உறையை எடுத்தாள். அது இன்னும் பிரிக்காமல் ஒட்டியே இருந்தது. ஓரத்தை விரலால் நீவிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

“இதையும் படி.”