வரைவைத் திருப்பி அனுப்புகிறேன்

அன்புள்ள தம்பிக்கு,

பல்கலைக்கழக பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்று எங்கள் இலக்கியத் துறையை மூடுகிறீர்கள். நிதி அதிகாரி நீ. கையெழுத்துப் போடுவது உன் வேலை, போட்டுவிட்டாய். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

ஆனால் நேற்று உன் உதவியாளர் மூடல் அறிவிப்பின் வரைவைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "மேடம், சார் குடுக்கச் சொன்னாரு. கொஞ்சம் மனசைத் தொடுற மாதிரி மாத்திக் குடுங்க. உங்க துறையிலதானே நல்லா எழுதுவீங்க" என்றார். படிப்பை இனி எங்கே போய் முடிப்பது என்று தெரியாமல் மாணவிகள் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தை அறுப்பது நீங்கள், கத்தியைத் தீட்டித் தருவது நானா?

பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி முதல் நீ பதவியேற்ற அன்று பேசியது வரை எல்லாம் நான் எழுதிக் கொடுத்தது. அன்றைக்குக் கைதட்டல் வாங்கித் தந்ததைத்தான் இன்றைக்கு 'வருவாய் ஈட்டாத துறை' என்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் சாப்பிட வா. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. என் வேலையைப் பற்றிக் கேட்டால் நீயே பதில் சொல்.

வரைவை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். 'செயல்திறன் மேம்பாட்டினை முன்னிட்டு மேற்படி துறையானது நிறுத்தம் செய்யப்படுகிறது' என்பது உட்பட ஒரு சொல்லையும் தொடவில்லை. அப்படியே ஒட்டு. இலக்கியத் துறை இல்லாத பல்கலைக்கழகம் எப்படிப் பேசும் என்று எல்லோரும் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

இனி உனக்கு எழுதித் தராத,
அக்கா